உறவுகளால் வளர்ந்த இயக்கம், உறவு முறிந்தவரைக் கைவிடலாமா? செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தோழர்களுக்கு,

கிளைகள் அனைத்துக்கும் நீங்கள் அனுப்பியிருக்கும் சுற்றறிக்கை, உறுப்பினர்களுக்கு இடையிலான தனிப்பட்ட உறவுகளிலிருந்து எழும் பிணக்குகளை அமைப்பு இனி விசாரிக்காது என்றும், அவற்றை அமைப்பின் கூட்டங்களில் எழுப்புவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சொல்கிறது. அதே தேதியிட்ட மற்றொரு கடிதத்தின் வழியாக, குடியிருப்போர் உரிமைப் பிரிவைத் தொடக்கத்திலிருந்து கட்டி வளர்த்த தோழர் ஒருவர் ‘ஒற்றுமை கருதி’ப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கிறார். அவருடைய முன்னாள் கணவர் செயலகத்தில் தொடர்கிறார். இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் எவருக்கும், முதலாவது எதற்காக எழுதப்பட்டது என்று விளங்கிவிடும். உள்ளுக்குள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த இருவரின் மணமுறிவில் நியாயம் யார் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அதை விசாரியுங்கள் என்று அந்தத் தோழரும் உங்களிடம் கேட்கவில்லை. அவர் எழுதிய முறையீட்டின் நகலை அவருடைய ஒப்புதலோடு படித்திருக்கிறேன். திருமணத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிரிவுக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தன் பெயர் நீக்கப்பட்டது ஏன், தான் வீடு வீடாகச் சென்று திரட்டிய தொடர்புப் பதிவேட்டை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னது யாருடைய முடிவு, போராட்டத்தில் கைதானபோது தன்மீது போடப்பட்ட வழக்குக்கு அமைப்பின் வழக்கறிஞர் திடீரென வாய்தாக்களுக்கு வருவதை நிறுத்தியது எதனால், தன்னோடு தொடர்ந்து பேசிவந்த இளைய தோழர்களுக்குப் பயிற்சி முகாமுக்கான அழைப்பு வராமல் போனது எப்படி என்பவையே அவர் கேட்ட கேள்விகள். இவை ஒவ்வொன்றும் அமைப்பின் வளத்தையும் அதிகாரத்தையும் யார் கையாண்டார் என்பதைப் பற்றியவை. நீங்களோ இவை அனைத்தையும் ‘குடும்ப விவகாரம்’ என்று ஒரே உறையில் போட்டு மூடிவிட்டீர்கள்.

நம் அமைப்பு எதனால் ஆனது என்பதையே மறந்துவிட்டு எழுதப்பட்ட சுற்றறிக்கை இது. உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பில் நான் இருந்த ஆண்டுகளில், துண்டறிக்கையைப் படித்துவிட்டுத் தானாக வந்தவர்களையும், தெரிந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களையும் தனித்தனியே கவனித்திருக்கிறேன். முதல் வகையினர் கொள்கை விளக்கக் கூட்டங்களில் மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்டார்கள். ஆனால் காவல்துறை முதல் முறை வீட்டுக் கதவைத் தட்டியதும் பெரும்பாலோர் காணாமற்போனார்கள். பயமில்லாததால் மற்றவர்கள் நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். தாங்கள் வராவிட்டால் தனியாக நிற்கப்போவது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் சேர்க்கைப் படிவத்தில் ‘அறிமுகப்படுத்தியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை வைத்தவர்களும் நீங்கள்தான்.

இது என் அனுபவம் மட்டுமன்று. 1964ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய வெளிமாநில மாணவர்கள் நூற்றுக்கணக்கில் சென்றார்கள். அந்தப் பணி எவ்வளவு ஆபத்தானது என்பது ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் 21ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். விண்ணப்பித்துத் தேர்வாகியும் கடைசியில் போகாமல் நின்றுவிட்டவர்களும் இருந்தார்கள். சமூகவியலாளர் டக் மெக்ஆடம் இரு தரப்பினரின் விண்ணப்பங்களையும் பிற்காலத்தில் ஒப்பிட்டபோது, கொள்கைப் பற்றில் அவர்களிடையே பெரிய வேறுபாடு காணவில்லை. சென்றவர்களுக்கு முன்னனுபவமும் அமைப்புத் தொடர்புகளும் கூடுதலாக இருந்தன. அவற்றோடு, உடன் செல்லும் மற்றவர்களுடன் நெருங்கிய நட்பும் இருந்தது. நம்பிக்கை எல்லாருக்கும் இருந்தது, பேருந்தில் ஏறவைத்தது பக்கத்து இருக்கை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரின் உணவகத்தில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இருக்கைகளில் போய் அமர்ந்த நால்வரை எந்தத் தலைமையும் அனுப்பி வைக்கவில்லை. ஒரே கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் அவர்கள், விடுதி அறையில் இரவெல்லாம் பேசிப் பேசி ஒருவரையொருவர் துணியவைத்தவர்கள்.

நம் மண்ணில் இதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. 1924இல் வைக்கம் போராட்டத்தில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் இறங்கியது பெரியாரின் மனைவி, தங்கை என்ற உறவின் வழியாகத்தான். இறங்கிய பிறகு அவர்கள் ஆற்றிய பணி அவர்களுடையது. 1933இல் ‘குடி அரசு’ தலையங்கத்துக்காக ஆசிரியரான பெரியாரோடு சேர்ந்து சிறைக்குப் போனவர் பதிப்பாளரான கண்ணம்மாள். அதைக் குடும்ப விவகாரம் என்று எந்த நீதிமன்றமும் தள்ளுபடி செய்யவில்லை.

உறவு எந்த அளவுக்கு அரசியலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நான் பயிற்சி முகாம்களில் அடிக்கடி எடுத்துக்காட்டும் வரலாறு ஒன்று உண்டு. 1955 மார்ச்சில், அமெரிக்காவின் மான்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண். அதே ஆண்டு டிசம்பரில் கைதானவர் ரோசா பார்க்ஸ். இரண்டாவது கைதுதான் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பாக மாறியது. பார்க்ஸ் தம் ஊர் உரிமை அமைப்பின் செயலாளராக இருந்தவர். அவரைப் பிணையில் எடுக்கச் சென்ற இ. டி. நிக்சன் அவருடன் பல்லாண்டு பணியாற்றியவர். உடன் சென்ற கிளிஃபர்ட், வர்ஜினியா டர் தம்பதியர் அவருக்கு நெருக்கமானவர்கள். ஜோ ஆன் ராபின்சனும் அவருடைய மகளிர் குழுவும் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சிட்டார்கள். இத்தனை கைகள் ஒருவரைத் தாங்கின. கோல்வினுக்கு அவ்வளவு நெருக்கமான வட்டம் இல்லை. போராட்டத்தின் முகமாக நிறுத்தத் தகுந்தவரல்லர் என்று தலைவர்கள் கருதினார்கள். அவருடைய வயது, பின்பு அவர் கருவுற்றது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் பேருந்துகளில் இனப்பிரிவினையைச் சட்டப்படி முடித்துவைத்த வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களுள் கோல்வினும் ஒருவர். யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் ஒருவரை வரலாற்றின் முகப்பிலும் மற்றவரை அடிக்குறிப்பிலும் வைத்தது. இன்று நீங்கள் பொறுப்பிலிருந்து விடுவித்த தோழர், தம் திருமணம் நீடித்த வரை பார்க்ஸின் இடத்தில் இருந்தார். அது முறிந்ததும் அவரைக் கோல்வினின் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறீர்கள். அவருடைய உழைப்பு இரு காலங்களிலும் ஒன்றாகவே இருந்தது.

செயற்குழுத் தோழர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் உறவுகளை அரசியலாகக் கருத மறுக்கலாம், நம்மை ஒடுக்க நினைப்பவர்கள் ஒருபோதும் அப்படி மறுத்ததில்லை. 1977 ஏப்ரல் 30 அன்று, இராணுவ ஆட்சியிலிருந்த அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில், காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் சிலர் கூடினார்கள். தாய் என்ற உறவைத் தவிர வேறு கொடியோ கொள்கை அறிக்கையோ அவர்களிடம் இல்லை. அவர்களிடையே, தன் சகோதரனைத் தேடுவதாகச் சொல்லி ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். அவன் கடற்படை அதிகாரி அல்ஃபிரேதோ அஸ்தீஸ். அந்த ஆண்டு டிசம்பரில், அவர்களுள் முதன்மையானவரான அசுசேனா விய்யாஃப்ளோர் கடத்தப்பட்டார்; உயிரோடு திரும்பவில்லை. ஊடுருவ வந்தவன் தேர்ந்தெடுத்த வேடம் உறவினன் வேடம் என்பது தற்செயலன்று.

பிரிட்டனில் இது இன்னும் கொடூரமான வடிவில் நடந்தது. 1968இல் தொடங்கப்பட்ட இரகசியக் காவல் பிரிவின் அலுவலர்கள் பொய்ப் பெயர்களில் இயக்கங்களுக்குள் நுழைந்தார்கள். அவர்களுள் பலர் பெண் செயற்பாட்டாளர்களோடு காதலுறவு கொண்டார்கள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தார்கள், சிலர் குழந்தை பெற்றுவிட்டுக்கூட மறைந்துபோனார்கள். பின்னாளில் வேறொரு பிரிவின் சார்பில் அதே வழியில் ஊடுருவியவர் மார்க் கென்னடி. அவரோடு காதலுறவில் இருந்த பெண் அவருடைய உண்மைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டைக் கண்டெடுத்த பிறகே, 2010இல் அவர் அம்பலமானார். தங்களைவிட்டு மறைந்துபோன துணைவர்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசி, குறிப்புகளை ஒப்பிட்டு, பதிவேடுகளைத் துருவித்தான் உண்மையை வெளிக்கொண்டுவந்தார்கள். 2015 நவம்பரில் இலண்டன் பெருநகரக் காவல்துறை அவர்களுள் ஏழு பேரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண்கள் உங்கள் சுற்றறிக்கையின் கீழ் இயங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ‘என் துணைவர் திடீரென மறைந்துவிட்டார், அவர் சொன்னவற்றில் பல பொய் என்று சந்தேகிக்கிறேன்’ என்று கூட்டத்தில் சொல்ல எழுந்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருப்பீர்கள். அமைப்பைக் காப்பதாக நினைத்து எழுதிய அந்தப் பத்தி, ஊடுருவியவனைக் காக்கும் பத்தி.

இனி நட்பு. காதலையும் திருமணத்தையும் பற்றி மட்டுமே கவலைப்படும் செயற்குழு, தன்னை ஆளும் நட்பைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நம் அமைப்பில் கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவே முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே சிறையில் இருந்தவர்கள், வார இறுதிகளில் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடுகிறவர்கள் முதலில் பேசி முடிக்கிறார்கள். மறுநாள் கூட்டத்தில் கருத்துக் கேட்கப்படுகிறது. கிளையிலிருந்து நெடுந்தொலைவு வந்து, இரவு முழுவதும் தயாரித்த அறிக்கையைப் படிக்கும் புதிய தோழர், தம் அறிக்கைக்கு ஏன் எவரும் மறுப்பும் சொல்லவில்லை, ஆதரவும் சொல்லவில்லை என்று விளங்காமல் திரும்பிப் போகிறார். (அவர் மூன்றாவது கூட்டத்துக்கு வருவதில்லை. ஆண்டறிக்கையில் நாம் அதை ‘இளைஞர்களிடையே அரசியல் ஆர்வம் குன்றிவருகிறது’ என்று பதிவுசெய்கிறோம்.)

முறையான கட்டமைப்பு இல்லாத குழுக்களில் தலைமை மறைவதில்லை, நண்பர் வட்டத்தின் கையில் கண்ணுக்குப் புலப்படாத தலைமையாகக் குடியேறுகிறது என்று அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே எழுதினார். அந்த நண்பர்கள் சதிகாரர்களாக இருக்க வேண்டியதில்லை என்பதும் அவர் சொன்னதே. அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மற்றவர் பேச்சு காதில் விழுவதில்லை. நம்மிடம் எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறது, தேர்தலும் நடக்கிறது. ஆனால் தேர்தலில் யார் நிற்பார் என்று யார் முடிவுசெய்கிறார்கள் என்பதைப் பார்த்தால், அவர் விவரித்த குழுக்களிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

நெருக்கம் மட்டுமே போதும் என்றிருப்பது அமைப்பின் வீச்சையும் குறைக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதி 1950களின் இறுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடித்துத் தள்ளப்பட்டது. ஒருவருக்கொருவர் மிக நெருக்கமாக வாழ்ந்த மக்கள் ஏன் ஒன்றுதிரண்டு எதிர்க்க முடியாமல் போனது என்ற கேள்வியை 1973இல் எடுத்துக்கொண்ட சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அந்த நெருக்கமே ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார். ஒவ்வொரு சிறு வட்டமும் தனக்குள் இறுகிக் கிடந்தது. ஒரு வட்டத்தை இன்னொன்றோடு இணைக்கும் மெல்லிய அறிமுகங்கள் போதுமான அளவு இல்லை. நீங்கள் விடுவித்த தோழர் செய்துவந்தது இத்தகைய இணைப்புப் பணிதான். அவருக்கு எல்லாக் கிளைகளிலும் ஆள் தெரியும். எந்த வட்டத்துக்கும் அவர் முழுமையாக உரியவரல்லர். அவர் போனபின் குடியிருப்போர் பிரிவின் கூட்டங்களுக்கு யார் வருகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். நான் பார்த்தேன். செயலகத்துக்கு வேண்டியவர்களின் கையெழுத்துகளே மிகுதியாக இருக்கின்றன.

அவருடைய முறையீட்டை ‘பரிசீலித்து முடித்த’ மூவர் குழுவைப் பற்றியும் பேசியாக வேண்டும். மூவருமே அவருடைய முன்னாள் கணவரோடு நீண்ட காலம் செயலகத்தில் பணியாற்றியவர்கள். ஒருவர் அவர்களுடைய திருமணத்துக்குத் தலைமை தாங்கியவர். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நேர்மையானவர்களையும் அமரவைக்கக்கூடாத இருக்கை அது. பிரிட்டனின் சோசலிசத் தொழிலாளர் கட்சி 2013இல் சந்தித்த நெருக்கடி உங்களுக்கு நினைவிருக்கும். தலைமைப் பொறுப்பிலிருந்த ஒருவர் மீதான பாலியல் வன்முறைப் புகாரை, அவரை நன்கு அறிந்தவர்களே பெரும்பான்மையாக இருந்த உட்கட்சிக் குழு விசாரித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. மாநாடு அந்த அறிக்கையைச் சிறு வேறுபாட்டில் ஏற்றுக்கொண்டது. அதன்பின் நூற்றுக்கணக்கானோர், குறிப்பாக இளையவர்கள், கட்சியைவிட்டு வெளியேறினார்கள். நம்மிடம் வந்திருப்பது அத்தகைய குற்றச்சாட்டு அன்று. ஆனால் நாளை அத்தகைய ஒன்று வந்தால், உங்கள் சுற்றறிக்கையின்படி அதையும் ‘தனிப்பட்ட உறவிலிருந்து எழுந்த பிணக்கு’ என்றே வகைப்படுத்த இயலும். அந்தச் சொற்களில் எந்த விதிவிலக்கும் இல்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை நான் அறிவேன். வீட்டுச் சண்டை அமைப்புக்குள் நுழைந்தால் அமைப்பே இரண்டாகிவிடும் என்று அஞ்சுகிறீர்கள். 1949ஐ யாரும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தார். செப்டம்பர் 17 அன்று, அவருடைய திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. ஆனால் அந்த வரலாற்றை நீங்கள் தலைகீழாகப் படிக்கிறீர்கள். 1947 ஆகஸ்ட் 15ஐ எப்படிப் பார்ப்பது என்பது உள்ளிட்ட அரசியல் வேறுபாடுகள் முன்பே முற்றியிருந்தன. இயக்கத்தின் வாரிசுரிமையும் சொத்துப் பொறுப்பும் யாருக்குச் செல்லும் என்ற கேள்வி அந்த மணத்தின் வழியாக வெடித்தது. அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கவும் விடைகாணவும் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு வழிமுறை இருந்திருந்தால் பிளவு தவிர்க்கப்பட்டிருக்குமா என்று சொல்ல என்னால் இயலாது. கேள்வி கேட்பதைத் தடைசெய்வதால் தவிர்க்கப்பட்டிருக்காது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு எல்லைக்குப் போய்விடுவீர்களோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் எவரேனும் எழுந்து, உறுப்பினர்களின் காதலுக்கும் மணத்துக்கும் அமைப்பின் அனுமதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். பிலிப்பைன்ஸ் கம்யூனிஸ்ட் கட்சி 1970களில் அப்படி விதிகள் வகுத்தது உண்டு. தலைமறைவு வாழ்க்கையில் இருந்த ஆயுதக் கட்சிக்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கலாம். திறந்த அமைப்பான நமக்கு அது ஒழுக்கக் காவலாக மட்டுமே முடியும். அந்தக் காவலின் கண் யார்மீது விழும் என்பது பெண் தோழர்களுக்கு நன்றாகத் தெரியும். யாரோடு யார் வாழ்கிறார் என்று கேட்காதீர்கள். அப்படி வாழ்கிறவர் ஒரு தீர்மானத்தில் கையெழுத்திடும்போது அந்த உறவைத் தாமே சொல்லிவிட்டு விலகி நிற்கிறாரா என்று கேளுங்கள்.

வீடுகளில் இருந்துகொண்டு நம்மைத் தாங்குகிறவர்களைப் பற்றிச் சுற்றறிக்கை மௌனம் காப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. மிசிசிப்பிக்குச் செல்ல விரும்பிய மாணவர்களில் 21 வயது நிரம்பாதோர் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. மகளை அனுப்பத் தயங்கிய வீடுகள் மகனை அனுப்பத் தயங்கிய வீடுகளைவிட மிகுதி. நம்மிடம் எழுத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை, நடைமுறையில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைக்கிறோம். கைக்குழந்தை உள்ளவர் வரவில்லையென்றால் ‘ஈடுபாடு குறைந்துவிட்டது’ என்று குறித்துக்கொள்கிறோம். முழுநேர ஊழியர் ஒருவர் பத்தாண்டு வீட்டுக்கு வருமானம் தராமல் இயங்க முடிந்தது எப்படி என்று நாம் கேட்டதே இல்லை. அவருடைய துணைவியார் வேலைக்குப் போனார், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொண்டார், வழக்குச் செலவுக்குக் கடன் வாங்கினார். நம் நூல்களில் அவர் பெயர் நன்றியுரையில்கூட வராது. ஆனால் அவர் ஒருநாள் இனி முடியாது என்று சொன்னால், தோழரின் ‘குடும்பச் சூழல் பணிக்கு இடையூறாகிவிட்டது’ என்று ஆழ்ந்த வருத்தத்தோடு பேசிக்கொள்வோம்.

உறவு பலன் தரும்போது அதை இயக்கத்தின் வலிமையாக எழுதுகிறோம், விலை கேட்கும்போது அது அவரவர் சொந்த விஷயமாகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஏற்க முடியாது என்பதுதான் என் மறுப்பு. ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, சுற்றறிக்கையின் அந்தப் பத்தியை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள், திருத்தம் போதாது. அதன் அடிப்படையில் எவருக்கேனும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டிருந்தால் அதையும் எழுத்து மூலம் இரத்துசெய்யுங்கள்.

பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட தோழரை மீண்டும் அதே பொறுப்பில் அமர்த்துங்கள். அவர் திரட்டிய தொடர்புப் பதிவேடு அவர் கைக்குத் திரும்ப வேண்டும். அவர்மீதான வழக்கில் அடுத்த வாய்தாவுக்கு அமைப்பின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். வழக்கறிஞரை அனுப்புவதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு போதும். விசாரணை முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவருடைய முறையீட்டை விசாரிக்கப் புதிய குழு ஒன்றை அமையுங்கள். செயலகத்தில் ஒருபோதும் பணியாற்றாத கிளை உறுப்பினர்களும், அமைப்புக்கு வெளியே தொழிலாளர் வழக்குகளிலோ பெண்கள் உரிமை வழக்குகளிலோ அனுபவமுள்ள ஒருவரும் அதில் இருக்க வேண்டும். இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே அதில் இடம்பெற வேண்டும். குழு திருமணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்பதை அதன் பணிவரம்பிலேயே எழுதுங்கள். கேட்க வேண்டியது வாட்ஸ்அப் குழுவையும் பதிவேட்டையும் வழக்கறிஞரையும் முகாம் அழைப்பையும் பற்றி.

இனி நியமனம், நிதி ஒதுக்கீடு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை குறித்த முடிவெதிலும், சம்பந்தப்பட்டவரோடு மண உறவோ இரத்த உறவோ நெருங்கிய நட்போ உள்ளவர், முறிந்த உறவு உட்பட, அதைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டு வாக்களிப்பிலிருந்து விலக வேண்டும் என்று விதிமுறையில் சேர்த்துவிடுங்கள். இந்த விதி செயற்குழுவிலிருந்து தொடங்கட்டும். கூட்டத்துக்கான பொருள்நிரலும் முன்மொழிவுகளும் கிளைகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் போய்ச் சேராவிட்டால் அவற்றின் மீது முடிவெடுக்கக்கூடாது என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டும்.

கூட்ட நேரங்களை, பிள்ளைகளையும் முதியோரையும் கவனிக்கும் உறுப்பினர்களைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணி ஆண் தோழர்களுக்கும் முறைவைத்து வழங்கப்படட்டும். முழுநேர ஊழியரின் குடும்பத்துக்கான உதவித்தொகையைத் தலைமையின் விருப்பத்துக்கு விடாமல் நிதி அறிக்கையில் தனித் தலைப்பாகக் காட்டுங்கள். ஊழியரோடு உறவு முறிந்தாலும் பிள்ளைகளுக்கான பங்கு நிற்கக்கூடாது.

இவற்றுக்கு அடுத்த பொதுக்குழு கூடுவதற்கு முன்பாக, கோரிக்கைக்குக் கோரிக்கை, ஏற்பதாகவோ மறுப்பதாகவோ காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும். இந்த மடலை எழுதியதற்காக என்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதாக இருந்தால், அதை நான் எதிர்கொள்கிறேன். அந்த விசாரணையையும் இதே மூவர் குழுவிடம் ஒப்படைக்காதீர்கள்.

தோழமையுடன்,
உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பில் முன்பு பணியாற்றிய ஓர் உறுப்பினர்